மூடுபனியில் ஒரு வில்: கொல்லிமலை ஆடி விழாவில் சின்ன கேமராவுக்கு என்ன வேலை?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக காரவள்ளி வந்தால் அங்கிருந்து கொல்லிமலை ஏறத் தொடங்குகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் வரும் குழந்தைகள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவார்கள். பெரியவர்களில் சிலர் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி கண்ணை மூடிக்கொள்வார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது மலை. மேலே போகப் போக வெயில் தணிந்து, மிளகுக்கொடியும் காப்பிச்செடியும் பலாமரமும் கண்ணில் படும்.

ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், எட்டுக்கை அம்மன் என்று சுற்றிவிட்டு, அன்னாசிப்பழமும் மலைத்தேனும் வாங்கிக்கொண்டு இறங்குவதே இங்கு வருபவர்களின் வழக்கம். ஆடி 17, 18 தேதிகளில், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்தால் வேறொரு கொல்லிமலையைப் பார்க்கலாம். வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்கள் அவை. செம்மேட்டில் நிற்கும் ஓரி சிலைக்கு மாலை விழும். மலைவாழ் மக்களின் ஆட்டபாட்டமும் கடைகளுமாக ஊர் நிரம்பும். ஓரி பெயரில் நடக்கும் விழா என்பதால் வில்வித்தைப் போட்டியும் உண்டு.

அப்போதுதான் எல்லோர் கையிலும் கேமரா முளைக்கும். போட்டியில் நிற்கும் பிள்ளையைப் படம் எடுக்க அப்பா போனைத் தூக்குவார். அண்ணன் புதிதாக வாங்கிய கேமராவைத் திருகிக்கொண்டிருப்பான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பாதிப் படங்களில் முகம் இருட்டு, மீதியில் கை மங்கல். பிள்ளை வில் பிடித்த நாள் அடுத்த வருடம்தான் திரும்ப வரும்.

குற்றம் கேமராவுடையது அல்ல, வெளிச்சத்துடையது. ஆடி மாதத்தில் மலையைப் பனிமூட்டம் மூடினால், திறந்த மைதானமே கூரை போட்ட உள்விளையாட்டு அரங்கம் போல ஆகிவிடும். ஆட்கள் வேகமாக அசைவார்கள், வெளிச்சமோ போதாது. பள்ளி ஹாலில் நடக்கும் டேபிள் டென்னிஸ், பூப்பந்து, கபடிப் போட்டிகளைப் படம் எடுப்பவர்கள் படும் அதே பாடு இது. எனவே தீர்வும் ஒன்றுதான்.

அம்பைத் துரத்துவதை முதலில் விட்டுவிட வேண்டும். போட்டி வில்லிலிருந்து கிளம்பும் அம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஷட்டரை 1/1000 விநாடி வைத்தாலும் அதற்குள் அம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆனால் அம்பு கிளம்பும் முன் எய்பவர் நாணை முழுதாக இழுத்து, முகத்தோடு ஒட்டவைத்து, குறிபார்த்து நிற்கும் சில விநாடிகள் உண்டு. விரல், தோள், கண் எல்லாம் அப்போது அசையாமல் இருக்கும். அந்த நிலைக்கு 1/125 விநாடியே போதும். ஆட்டத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

நவீன ரிகர்வ் வில்லாக இருந்தால் காதும் உதவும். அதில் கிளிக்கர் என்ற சிறு தகடு இருக்கும். அம்பின் நுனி அதைத் தாண்டியதும் 'டிக்' என்று சத்தம் கேட்கும், உடனே அம்பு பறக்கும். இரண்டு மூன்று முறை கவனித்தால் அந்தத் தாளம் பிடிபட்டுவிடும். பிறகு 'டிக்' கேட்பதற்கு ஒரு மூச்சு முன்னால் பொத்தானை அழுத்தினால் போதும். மூங்கில் வில்லில் கிளிக்கர் கிடையாது. நாண் இழுக்கும் கையின் முழங்கை பின்னால் போய் நிற்பதுதான் அங்கே அடையாளம்.

மற்ற ஆட்டங்களிலும் இப்படி ஒரு நிற்கும் நொடி உண்டு. டேபிள் டென்னிஸில் சர்வீஸ் போடுபவர் பந்தைக் குறைந்தது 16 சென்டிமீட்டர் உயரம் எறிய வேண்டும் என்பது விதி. அது உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் பந்தும் நிற்கும், ஆடுபவர் கண்ணும் நிற்கும். வாலிபாலில் பந்தை அடிக்க எம்பியவர் உச்சியில் ஒரு கணம் தொங்குவார். கேரமில் ஸ்டிரைக்கரைச் சுண்டும் முன் விரல் நிற்கும். ஆட்டம் தெரிந்தவருக்கு விலை குறைந்த கேமராவிலும் படம் கிடைப்பது இதனால்தான்.

அடுத்து கேமரா. புதிதாக வாங்கும் கேமராவோடு பெரும்பாலும் வருவது 18-55 லென்ஸ். அதை 55-க்கு இழுத்தால் துளை எஃப் 5.6 ஆகச் சுருங்கும். அதற்குப் பதில் எஃப் 1.8 துளை உள்ள 50 எம்எம் லென்ஸைப் போட்டால், ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். ஆரம்பநிலைக்காரர்கள் அடுத்துச் செலவு செய்வதானால் இந்தச் சிறிய லென்ஸுக்குச் செய்யலாம். அது இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றத் தயங்க வேண்டாம். புள்ளி புள்ளியாக வந்த படத்தில் முகம் தெரியும். அசைந்து மங்கிய படத்தை யாராலும் மீட்க முடியாது.

பனி கேமராவையும் ஏமாற்றும். வெள்ளையாகத் தெரியும் பின்னணியைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டு, கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை +1 ஆக வைத்தால் முகம் தெளியும். எய்பவர் நின்ற இடத்திலேயே நிற்பதால் ஒருமுறை முகத்துக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு அப்படியே விடலாம். போனில் எடுப்பவர்கள் விரலால் இழுத்து ஜூம் செய்யாமல், முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிக்கொண்டு, தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

உள்ளரங்கத்தில் இன்னொரு சிக்கல் விளக்கு. நம் ஊர் மின்சாரத்தில் டியூப்லைட்டும் சில எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் வேகமானால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் வரும். கேமராவில் 'ஆன்டி ஃப்ளிக்கர்' வசதி இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும்.

ஃப்ளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். குறிபார்க்கும் கண்ணில் அது பாய்ந்தால் பிள்ளையின் ஒரு வருடப் பயிற்சி வீணாகும். எய்யும் கோட்டுக்கு முன்னால் யாரும் போகக் கூடாது, பக்கவாட்டில் பின்தள்ளி நின்றே எடுக்க வேண்டும். ஏ.சி. காரிலிருந்து இறங்கினால் லென்ஸ் வியர்த்துவிடும். கேமராவைப் பையிலேயே கால் மணி நேரம் வைத்திருந்து எடுப்பது நல்லது. 70 வளைவுகளையும் பனியில் இறங்க வேண்டும் என்பதால் பொழுது சாயும் முன் கிளம்பிவிடுவது அதைவிட நல்லது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், பதில் அந்த மலையிலேயே இருக்கிறது. ஓரியின் வில்திறம் இன்றும் தெரிந்திருக்கக் காரணம், அதைப் பார்த்த ஒருவர் பதிவு செய்து வைத்ததுதான். புறநானூற்றின் 152-வது பாடலில் வன்பரணர் சொல்கிறார்: ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, புள்ளிமான், காட்டுப்பன்றி ஆகியவற்றைத் துளைத்து உடும்பின் மேல் போய்த் தைத்தது. எய்தவர் யாரென்று அப்போது புலவருக்குத் தெரியாது. அந்த வேடன்தான் விருந்து கொடுத்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளித் தந்தான். பின்னாளில் ஓரி, மலையமான் திருமுடிக்காரியின் கையில் மாண்டான். கொல்லிமலை சேரனிடம் போனது. பாட்டு மட்டும் போகவில்லை.

இன்று அதே மலையில் வில் பிடிக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பதக்கம் கிடைக்காமல் போகலாம். குறிபார்த்து நின்ற முகம் ஒரு படத்தில் கிடைத்தால், அது வீட்டுச் சுவரில் ஏறும். வெளியூரிலிருந்து வந்து படம் எடுப்பவர்கள் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கலாம். ஊர் திரும்பியதும் அதை அச்செடுத்து அனுப்பிவைத்தால், அடுத்த ஆடிக்கு அந்த வீட்டில் காப்பி நிச்சயம்.