விரல் நுனி வியர்வை

திண்டிவனத்தில் அக்கா மகள் செல்போனில் பெருக்கல் விளையாட்டு ஆடுவாள். நேரம் முடியப் போகிறதென்றால் கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். இந்தப் பதற்றத்தை இப்போது கருவியால் அளக்கிறார்கள். விரல் நுனி லேசாக வியர்த்தாலே தோலில் மின்சாரம் கடத்தும் திறன் கூடும். தலைப்பட்டை மூளை அலைகளைப் பிடிக்கும். ஆனால் அந்த வியர்வை உற்சாகத்திலா, பயத்திலா? தோல் சொல்லாது.

சீனாவின் ஜின்ஹுவாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாட்டிய இத்தகைய தலைப்பட்டைகளை, 2019-ல் எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தினார்கள். நல்லதுதான்.

தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் சொல்லித்தரும் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது எங்கள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான். அங்கே பிள்ளையின் முகவாட்டத்தைப் படிக்கக் கருவி தேவைப்படவில்லை; தெருவிலேயே ஒரு தன்னார்வலர் இருந்தார்.

விளையாட்டு எந்த இடத்தில் பிள்ளையை மிரட்டுகிறது என்று கண்டுபிடிக்கக் கருவி உதவட்டும், வரவேற்கிறேன். அந்தப் பதிவு மதிப்பெண் பட்டியலுக்கோ கம்பெனிக்கோ போவதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.