பாங்காக்கில் ஒரு மார்கழி ஊஞ்சல்!

ஃபாரின் குரூப் டூர் போய் வந்தவங்க ஆல்பத்தை உத்துப் பார்த்திருக்கீங்களா? முதல் நாள் போட்டோவில் மட்டும் அத்தனை பேரும் காய்ச்சலில் எழுந்து வந்த மாதிரியே இருப்பாங்க. காரணம் சிம்பிள். சென்னையில் நடுராத்திரி ஏறினா மூணரை மணி நேரத்தில் பாங்காக். கடிகாரம் அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுது. இறங்கும்போது விடிகாலை... ஹோட்டல் ரூம் கிடைப்பதோ மதியம் 2 மணிக்கு. நடுவில் இருக்கிற நேரத்துக்கு எங்கே போக? ஏர்போர்ட் பாத்ரூமில் பல்லை விளக்கிட்டு, அப்படியே சிட்டி டூர்!

கல்யாணமான மூணாவது மாசம், 2019 ஜனவரியில், நானும் அம்மணியும் (வீட்டில் அவளுக்கு அதுதான் பேர்) இப்படித்தான் பாங்காக்கில் இறங்கினோம். 32 பேர் கொண்ட குரூப். பாதிப் பேர் கோவை, ஈரோடு பக்கம். எங்களைத் தவிர எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவங்க. பஸ்ஸில் ஏறின பத்தாவது நிமிஷமே எங்களுக்கு நாலு பெரியப்பா, ஆறு பெரியம்மா கிடைச்சுட்டாங்க! கைடு ஒரு தாய்லாந்துப் பெண்மணி. 'வாங்க வாங்க', 'சீக்கிரம்', 'பாத்ரூம்'... இந்த மூணே மூணு தமிழ் வார்த்தையில் (மூணாவது தமிழ்தானே?) மொத்தக் கூட்டத்தையும் மேய்ச்சாங்க.

முதல் ஸ்டாப், வாட் டிராய்மிட் கோயிலின் தங்க புத்தர். ஐந்தரை டன் எடை! ரொம்ப காலமா இதை சாதாரண சுதைச் சிலைன்னுதான் நினைச்சிருக்காங்க. 1955-ல் இடம் மாற்றும்போது சிலை விழுந்து பூச்சு பெயர, உள்ளேயிருந்து தங்கம் சிரிச்சிருக்கு. இந்தக் கதையைக் கேட்கவே அரை மணி நேரம் வேணும். எங்களுக்குக் கொடுத்தது மொத்தம் 25 நிமிஷம். அடுத்து இத்தாலிய மார்பிளில் கட்டின கோயில். அங்கே 20 நிமிஷம், குரூப் போட்டோ உட்பட.

அப்புறம் ஒரு ரத்தினக்கல் கடை. வாசலிலேயே ஆளுக்கொரு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினாங்க. ஏசி, கூல்டிரிங்க்ஸ், நம்ம சோபா பக்கத்திலேயே ஒரு சேல்ஸ்மேன். இங்கே ஒன்றரை மணி நேரம்! புத்தருக்கு 25, கல்லுக்கு 90. கணக்கு உதைக்குதா? உதைக்காது. நாம கட்டுற டூர் பணம் சல்லிசா இருக்கே, அதில் விழுற துண்டை இந்தக் கடைகள் தர்ற கமிஷன்தான் அடைக்குது. கூட்டத்தை இலவசம் மாதிரி கூட்டி வந்து ஷாப்பிங்கில் காசு பார்க்கிற 'ஜீரோ டாலர்' டூர்களை 2016-ல் தாய்லாந்து அரசே ரெய்டு விட்டுப் பிடிச்சது. எங்களுடையது அந்த அளவுக்கு மோசமில்லை. கைடே அம்மணி காதில் சொன்னாங்க: "வாங்க வேணாம் மேடம். டைம் முடியறவரை உள்ளே இருந்தா போதும்."

அந்த கேப்பில்தான் அம்மணி கேட்டாள். "ஊஞ்சல் கம்பத்துக்குப் போக மாட்டோமா?"

அவள் எம்.ஏ. தமிழ். பாங்காக் போறோம்னு சொன்ன நாளிலிருந்து அவள் மனசில் இருந்தது கடலும் இல்லை, ஷாப்பிங்கும் இல்லை. 1784-ல் முதலாம் ராமா மன்னர் நட்ட அந்த ராட்சத ஊஞ்சல்தான். வருஷா வருஷம் ஈசன் பூமிக்கு இறங்கி வரும்போது வரவேற்கிற விழா அங்கே நடந்திருக்கு. அதுக்குப் பேர் 'திரியம்பாவாய்'. சொல்லிப் பாருங்க... திருவெம்பாவை! நம்ம மார்கழிப் பாட்டு எப்பவோ கடல் தாண்டிப் போய், உச்சரிப்பு உருமாறி, அரசவைப் பிராமணர்கள் வாயில் இன்னும் உயிரோட இருக்கு.

"புரோக்ராமில் இல்லை மேடம்." கைடு உதட்டைப் பிதுக்கினாங்க. அம்மணி முகம் வாடினதை அவங்களும் பார்த்திருக்கணும். பஸ்ஸில் வந்து ஒரு சீட்டை நீட்டினாங்க. ஒரு பக்கம் ஊஞ்சலின் பேர், மறு பக்கம் எங்க ஹோட்டல் பேர், ரெண்டும் தாய் எழுத்தில். "ஃப்ரீ டைமில் போங்க. ஆறு மணிக்கு பஸ். சீக்கிரம்!"

ஆறு மணி பஸ்ஸை விட்டால் ராத்திரி படகு டின்னர் போச்சு. ஏற்கெனவே காசு கட்டியாச்சு. "கூட்டத்தை விட்டுப் போகாதீங்க கண்ணு, பாஷை தெரியாத ஊரு"ன்னு பெரியப்பாக்கள் ஒரே பதற்றம். எனக்கோ படுத்தா போதும்னு இருந்தது. அம்மணி அந்தச் சீட்டை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டிருந்தாள். கிளம்பிட்டோம்.

ஹோட்டல் இருந்தது பிரதுநாம் ஏரியா. பக்கத்திலேயே சென் செப் கால்வாயில் படகு. நம்ம டவுன் பஸ் மாதிரிதான். ஹெல்மெட் மாட்டின கண்டக்டர் ஓடுற படகின் விளிம்பில் நடந்தே டிக்கெட் கொடுக்கிறார். எதிரில் படகு வந்தா பயணிகளே கயிற்றை இழுத்து தார்ப்பாயை உயர்த்தணும். இல்லைன்னா கூவம் மணக்கிற தண்ணி மூஞ்சியில்! பான்ஃபா துறையில் இறங்கி, சீட்டைக் காட்டிக் காட்டி நடந்தோம்.

ரோட்டு நடுவில் செக்கச்செவேல்னு ரெண்டு தேக்கு மரங்கள், ஏழு மாடி உயரத்துக்கு. 2007-ல் மாற்றின புது மரங்கள். ஊஞ்சல் பலகை கிடையாது, சும்மா ஒரு சட்டம். அந்தக் காலத்தில் இதில் ஆடிக்கிட்டே உயரத்தில் தொங்கும் காசு முடிப்பைப் பல்லால் கவ்வுவாங்களாம். விழுந்தவங்களும் உண்டு.

கொஞ்ச தூரத்தில் தேவஸ்தான். ஈசன், பிள்ளையார், நாராயணன்... மூணு சின்ன வெள்ளைக் கட்டடம். அம்மணி செருப்பைக் கழற்றிட்டு, அவங்க பாட்டி சொல்லிக் கொடுத்த ராகத்தில் திருவெம்பாவை முதல் பாட்டை மெதுவா பாடினாள். பெருக்கிக்கிட்டிருந்த அம்மா துடைப்பத்தை நிறுத்திட்டுக் கேட்டாங்க. ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது. முடியறவரை அசையலை. நான் வாட்ச்சைப் பார்க்கலைன்னு சொன்னா பொய்.

5.50-க்கு ஹோட்டல் வாசல். கைடு எங்களை எண்ணிட்டு, கட்டை விரலை உயர்த்தினாங்க. பஸ் கிளம்பினதும் ஈரோட்டுப் பெரியப்பா பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, அவ்வளவு தூரம் போனீங்களே... ஏறி ஒரு ஆட்டம் ஆடுனீங்களா?"

"இல்லீங்க பெரியப்பா. 1935-லயே நிறுத்திட்டாங்களாம்!"