வண்டி நம்முடையது, ஸ்டியரிங் யார் கையில்?

போன வாரம் ஒரு மாணவர் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். கல்லூரி இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி வந்து கேட்டான். "உங்க பிக்கப் எப்படி இருக்கு? நாங்களும் நாலு பேர் சேர்ந்து ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம். எடுக்கலாமா, வேணாமா?"

எங்களுக்குள்ளேயே ஒரே பதில் வரவில்லை. வண்டி ஓட்டும் தம்பி, "இழுவை அருமை, கண்ண மூடிக்கிட்டு எடு" என்றான். ஆர்.சி. புக்கில் பெயர் உள்ள பெரியக்கா, "டியூ முடியட்டும்பா, அப்புறம் சொல்றேன்" என்றார். அன்றைக்கு அந்த மாணவனிடம் முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலனியைச் சேர்ந்த ஆறு பேர். மகளிர் குழுவில் இருக்கும் நான்கு அக்காக்கள், ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்த ஓட்டுநர் தம்பி, சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு இந்தப் பகுதியில் சமூகப் பணி செய்யும் ஒருவர். எழுதுவது அந்த ஆறாவது ஆள். ஆனால் பேச்சு ஆறு பேருடையது.

2022இல் வண்டி எடுத்தோம். குட்டி யானை வாங்கினால் தர்பூசணி லோடுக்குப் பத்தாது. 407 வாங்கினால் கடன் கழுத்தை நெரிக்கும். அதனால் நடுவில் உள்ள பிக்கப். 1,300 கிலோ ஏற்றலாம். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பெர்மிட்டிலிருந்து விலக்கு உண்டு. முதல் இரண்டு வருடம் எஃப்.சி. கவலை இல்லை. எட்டு வருடம் ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும்.

வண்டி, பாடி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 9.6 லட்சம் ஆனது. தாட்கோ தொழில் முனைவோர் திட்டத்தில் அப்போது 30 விழுக்காடு மானியம், உச்சவரம்பு 2.25 லட்சம். எங்கள் கைக்காசு 50,000. மீதி வங்கிக் கடன். மாதத் தவணை ஏறத்தாழ 15,000 ரூபாய், ஐந்து வருடம். இப்போது முதலமைச்சரின் அரைஸ் திட்டத்தில் 35 விழுக்காடு, 3.5 லட்சம் வரை என்று மானியம் கூடியிருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் என்ன விதி என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

வங்கிக்குப் பதினோரு தடவை நடந்தோம். முதல் தடவை பெரியக்காவிடம் அதிகாரி கேட்ட கேள்வி, "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" இரண்டாம் தடவை, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க." பஸ் முதலாளிகளிடமும் ரைஸ் மில் முதலாளிகளிடமும் லாரி ஓட்டத் தெரியுமா என்று யாராவது கேட்டிருப்பார்களா என்று வெளியே வந்து சிரித்தோம். அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் எங்களுக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறோம்.

இப்போது வண்டியைப் பற்றி.

நல்லது: இழுவை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. முழு லோடோடு மேம்பாலம் ஏறும்போது திணறாது. பவர் ஸ்டியரிங் இருப்பதால் குறுகலான காலனித் தெருவில் திருப்ப முடிகிறது. லோடோடு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கிறது. திண்டிவனத்திலிருந்து கோயம்பேடு போய்வர 20 லிட்டர் டீசல், 1,850 ரூபாய். ஆத்தூர், பரனூர் இரண்டு டோல்கேட், ஓட்டுநர் பேட்டா, இறக்குக் கூலி எல்லாம் போக ஒரு டிரிப்புக்கு 2,000 நின்றால் நல்ல நாள். பிப்ரவரியிலிருந்து மே வரை தர்பூசணி. அதன்பின் சவுக்கு, மணிலா, பந்தல் சாமான். மழைக்காலத்தில் வண்டி நிற்கும், தவணை நிற்காது.

கெட்டது: லோடு இல்லாமல் ஓட்டினால் பின்பக்கம் துள்ளும். சுமை தாங்கத்தான் ஸ்பிரிங் பட்டைகளை அவ்வளவு கெட்டியாக வைத்திருக்கிறார்கள். சுமை இல்லாதபோது நம் முதுகெலும்புதான் ஸ்பிரிங். மழையில் காலி வண்டிக்குத் திடீரென்று பிரேக் போட்டால் பின்சக்கரம் வழுக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை புகை வடிகட்டி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்று ஒன்று இருக்கும். இன்ஜின் கக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நின்று நிதானமாக ஓடினால் சூடேறி அந்தக் கரியைத் தானே எரித்துவிடும். எங்கள் வண்டியோ வாரத்தில் நான்கு நாள் வயலுக்கும் மண்டிக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் என்று ஊர்ந்துகொண்டிருக்கும். கரி அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அலட்சியமாக விட்டால் வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துவிடும். ஊர் மெக்கானிக் பட்டறையில் இதற்கான கம்ப்யூட்டர் இல்லை. சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். முதல் தடவை பில்லைப் பார்த்துப் பெரியக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வண்டி விற்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. சுற்றுச்சூழலுக்கு அந்த வடிகட்டி தேவைதான், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. வாங்குகிறவனிடம் சொல்லிவிட்டு விற்கலாமே.

வண்டியின் குறைகள் இவ்வளவுதான். பழகிக்கொள்ளலாம். மற்ற குறைகளுக்கு எந்த சர்வீஸ் சென்டரும் கிடையாது.

வாடகை பேசும்போது முதல் குறை வந்தது. "நம்ம பசங்க வண்டிதானே, பார்த்துக் குடுக்கலாம்" என்பார்கள். இறக்கிய பிறகு பேசியதில் பாதி கையில் வரும், கூடவே நாலு தர்பூசணிப் பழம். இதே ஆட்கள் டவுன் வண்டிக்கு முன்பணம் கொடுத்துத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் அப்பாக்களுக்குக் களத்துமேட்டில் அளந்து போட்டதைக் கூலி என்றார்கள். வண்டி வந்த பிறகும் அவர்கள் எங்களுக்குக் கொடுப்பது கூலிதான், வாடகை அல்ல. உற்பத்திச் சாதனத்தின் உடைமை என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். சாதனம் கைக்கு வந்தாலும் விலை சொல்லும் உரிமை தானாக வந்துவிடாது என்பதைத் தர்பூசணிப் பழம்தான் சொல்லிக்கொடுத்தது. இப்போது ரேட்டை அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறோம். ஏற்றும் முன்பே பாதிப் பணம். சிலர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும்.

கண்ணாடியில் இன்னொன்றும் இருக்கிறது. நீல எழுத்தில் ஜெய்பீம். முதல் சீசனில் எங்களுக்கு நிறைய லோடு கொடுத்த வியாபாரி, "அத மட்டும் எடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும், தோட்டக்காரங்க ஒரு மாதிரி பாக்கறாங்க" என்றார். ராத்திரி உட்கார்ந்து பேசினோம். உண்மையைச் சொல்கிறோம், ஆறு பேரும் ஒரே குரலில் முடியாது என்று சொல்லிவிடவில்லை. இரண்டு பேர் எடுத்துவிடலாம் என்றார்கள். அவர்களுக்குக் கொள்கை இல்லாமல் இல்லை, தவணைத் தேதி இருந்தது. கடைசியில் சின்ன அக்கா சொன்னதுதான் நின்றது: "இன்னைக்கு ஸ்டிக்கர எடுப்போம். நாளைக்கு டிரைவர மாத்துன்னு சொல்லுவான்." எடுக்கவில்லை. அந்த வியாபாரியும் போய்விட்டார். இரண்டு மாதத் தவணை தள்ளிப்போய் அபராதம் கட்டினோம். குழுவின் சேமிப்பிலிருந்துதான் கட்டினோம்.

இந்த வண்டியால் நாங்கள் தூக்கம் கெட்டது வேறொரு விஷயத்தில். அதிகாலை ஐந்து மணிக்குக் காலனி முனையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் நிற்பார்கள். பெண்களுக்கு நகரப் பேருந்தில் 2021இலிருந்து கட்டணம் இல்லை. ஆனால் எங்கள் ஊருக்கு முதல் பேருந்தே ஏழு மணிக்கு மேல்தான். "பின்னாடி ஏத்திக்கிட்டுப் போய் இறக்கி உடுப்பா" என்பார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் அப்படி ஏறியவர்களுக்கு வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. நாற்று நடப் போன பெண்கள் சரக்கு வண்டி கவிழ்ந்து செத்த செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்? அதில் பெரும்பாலும் யாருடைய பெயர் இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

மாட்டோம் என்றோம். ஒரு பெரியம்மா முகத்துக்கு நேராகச் சொன்னார்: "ஊர்க்காரன் வண்டியில ஏத்திக்கிறான். நம்ம வண்டின்னு பூசை போட்டப்ப சக்கரத்துக்கு நானுந்தான் எலுமிச்சம்பழம் வச்சேன்." அவர்கள் வேறு வண்டியில் நின்றுகொண்டே போனார்கள், காலி வண்டியோடு நாங்கள் பின்னால் போனோம். காலை ஐந்தரைக்கு ஒரு பேருந்து கேட்டு 140 கையெழுத்தோடு மனு கொடுத்திருக்கிறோம். எட்டு மாதம் ஆகிறது, பேருந்து வரவில்லை. எங்கள் முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறோம். ஆனால் அந்தப் பெரியம்மா எங்களோடு பழைய மாதிரி பேசுவதில்லை.

வங்கி அதிகாரியின் கேள்விக்கு இப்போது வருகிறோம். போன வருடம் தர்பூசணி சீசன் உச்சத்தில் ஓட்டுநர் தம்பிக்குக் காய்ச்சல். ஒன்பது நாள் படுக்கை. மீதி ஐந்து பேரில் ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது. வெளியிலிருந்து ஒருவரைக் கூலிக்குப் பிடித்தோம். அவர் காலனிக்குள் வரமாட்டார். வண்டியை மெயின் ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தினால் எடுப்பாராம். காய்ச்சலோடு தம்பி எழுந்து, 300 மீட்டர் ஓட்டிக்கொண்டுபோய் ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தான். மண்டியில் அந்த ஓட்டுநர் வண்டி தன்னுடையது என்று சொல்லியிருக்கிறார். யாரும் சந்தேகப்படவில்லை.

அன்று ராத்திரி எங்களுக்கு சாலிஸ்கான் நினைவுக்கு வந்தது. 1929இல் தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்கும் குழுவின் உறுப்பினராகப் போன பாபாசாகேப், திரும்பும் வழியில் அந்த ஊரில் இறங்கினார். மஹர் மக்கள் ரயிலடியில் வரவேற்றார்கள். குதிரை வண்டிக்காரர்கள் அவரை வைத்து ஓட்டச் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குப் பிடித்து, ஓட்டிப் பழக்கமில்லாத நம்மாளே ஒருவர் ஓட்டினார். வழியில் ஒரு தரைப்பாலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகி, பாபாசாகேப் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. தீண்டாமையைப் பற்றிச் சொல்லும்போது இதை நாம் எல்லோரும் சொல்கிறோம். வண்டி கிடைத்தும் ஓட்டத் தெரிந்த ஆள் நம்மிடம் இல்லை என்ற பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அதற்கும் முன்பே, 1893இல், திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்லுவண்டி வாங்கிப் பொதுச்சாலையில் ஏறிப் போனார். வாங்கியதோடு அவர் நிறுத்தவில்லை, அதில் ஏறித் தடுக்கப்பட்ட சாலையில் போனார் என்பதுதான் வரலாறு.

அதனால் அந்த மாணவனுக்கு எங்கள் பதில் இது. எடு. நாலு பேர் சேர்ந்தால் நாலு பேரும் ஓட்டக் கற்றுக்கொண்டு எடு. 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்குச் சாதாரண எல்.எம்.வி. உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது, அதனால் தனி பேட்ஜ் வேண்டும் என்று யாராவது அலைக்கழித்தால் ஏமாறாதே. ஒருவராவது பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவராவது வாடகை பேசக் கூச்சப்படாதவராக இருக்கட்டும். 1,300 கிலோ வண்டியில் இரண்டு டன் ஏற்றச் சொல்லும் வியாபாரியிடம் முடியாது என்று சொல்லப் பழகு. ஓவர்லோடு அபராதம் 20,000த்தில் தொடங்குகிறது, அதைக் கட்டப்போவது வியாபாரி அல்ல. மூன்று மாதத் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடு. அந்தப் பணம் இருந்தால்தான் ஸ்டிக்கரை எடு என்கிறவனிடம் நிமிர்ந்து பேச முடியும்.

போன மாதம் சின்ன அக்காவுக்கு உரிமம் வந்துவிட்டது. வயது 41. கிளட்ச் எட்டாததால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொள்கிறார். மண்டியில் முதல் நாள் ஒருவர் அவரிடம், "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டார். "நாந்தான்" என்றார். "ஓனர்?" என்றார். அதற்கும் அதே பதில். அவர் நம்பினாரா என்று தெரியாது. ரசீதில் அக்கா பெயரை எழுதித்தான் கொடுத்தார்.

இதை எழுதி முடிக்கும்போது டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகிறது என்று தம்பி போன் செய்தான். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் அணைந்துவிடும். அக்கா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜெய்பீம்.