வட்டத்துக்குள் ஆறு புள்ளிகள்

மல்லிகை போட்ட வீட்டில் விடியற்காலைத் தூக்கம் கிடையாது. சத்தியமங்கலத்தைச் சுற்றியுள்ள எல்லாத் தோட்டங்களிலும் இதே கதைதான். மூன்று மணிக்கெல்லாம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு அம்மா செடிகளுக்குள் இறங்கிவிடுவார். மொட்டாகப் போனால்தான் பூ மார்க்கெட் ஏலத்தில் விலை. பறிக்கிற மொட்டுக்கு வாசம் அவ்வளவாக இருக்காது. இருட்டில் எங்கிருந்தாவது கும்மென்று மணந்தால், அது முந்தின நாள் கண்ணுக்குத் தப்பி ராத்திரியில் விரிந்துவிட்ட பூ. "எங்கியோ ஒண்ணு உட்டுப்போச்சு சாமி" என்பார் அம்மா. அது எந்தச் செடி என்று வாசம் சொல்லாது. இந்தப் பக்கம் என்கிற அளவோடு நின்றுவிடும். அதற்கப்புறம் லைட்டைத் திருப்பி, இலையை விலக்கி, செடி செடியாகத் தேட வேண்டியதுதான்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கப் போன அன்று, என் தலைக்குள் இந்த வாசம்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அது மாசி மாதம். பவானிசாகர், சிறுமுகை வழியாக மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை ஏறும் பஸ். ஊட்டியைத் தாண்டினால் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற சரிவுகள். அவற்றுக்கு நடுவே ஒரு மலைமுதுகில், யாரோ படுக்கவைத்துவிட்டுப் போன ராட்சத வீணை மாதிரி அது கிடந்தது.

நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். குழிந்த 24 இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 1,100 எவர்சில்வர் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. வாசலிலேயே செல்போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். கோடிக்கணக்கான ஒளியாண்டு தாண்டி வருகிற முனகலைக் கேட்கும் இடத்தில் என் போன் ஒரு லவுட்ஸ்பீக்கர்.

என்னைக் கூட்டிப்போனவர் டெக்னீஷியன். ஐம்பதைத் தாண்டிய வயது, கழுத்தில் மப்ளர். சொந்த ஊர் காரமடைப் பக்கம் என்றதும் பேச்சு தானாக நம் ஊர்ப் பேச்சுக்கு இறங்கிவிட்டது.

"கண்ணாடி எங்கீங்க?" என்று கேட்டேன்.

"இதானுங்க கண்ணாடி" என்று கம்பிகளைக் காட்டினார். "நடுவுல காத்துப் போகுதேன்னு நெனைக்காதீங்க. ரெண்டு கம்பிக்கு நடுவுல மூணு சென்டிமீட்டர் இருக்கும். இங்க வர்ற அலை ஒண்ணோட நீளம் தொண்ணூத்திரண்டு சென்டிமீட்டர். அதுக்கு இந்தச் சந்து தெரியவே தெரியாதுங்க. அது வந்து முட்டித் திரும்பீரும். காத்து மட்டும் பூந்து போயிரும். தகடா அடிச்சிருந்தா ஒரு ஆடிக்காத்துக்குத் தாங்குமுங்களா?"

மேலே அண்ணாந்து காட்டினார். குழிவின் குவியக்கோட்டில் அரை மீட்டருக்கு ஒன்று வீதம் 1,056 டைபோல்கள். கம்பியில் பட்டுத் திரும்பும் அலை அங்கேதான் சேர்கிறது. ஒன்று நனைந்தோ துருப்பிடித்தோ ஊமையாகிவிட்டால் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியவர் இவர். கம்பிகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. தாழ ஓடும் ஒன்றைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டார். கட்டிலின் நாடா தொய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற கை அது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். 1,100 கம்பி, ஒன்று 530 மீட்டர் என்றால் மொத்தம் 583 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஊட்டிக்குச் சாலையில் வருகிற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இந்த மலையைத் தேடிப் பிடித்தவர் கோவிந்த் ஸ்வரூப். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ வானியலாளர். வடக்கு தெற்காக ஓடும் சரிவு வேண்டும், சரிவின் கோணம் அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 பாகை இருக்க வேண்டும். அப்படி அமைந்துவிட்டால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு பூமி சுற்றுகிற வேகத்தில் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே போனால் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பார்க்கலாம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இப்படி ஒரு மலை கிடைக்கும். 1970இல் வேலை தொடங்கிய தொலைநோக்கி இன்றைக்கும் ஓடுகிறது.

முதலில் அதற்குக் கொடுத்த வேலை இடம் கண்டுபிடிப்பது. நிலா நகரும்போது வழியிலுள்ள ரேடியோ மூலங்களை மறைக்கும். சத்தம் அறுபடும் நொடியைக் குறித்துக்கொண்டால் போதும், அந்த நொடியில் நிலாவின் விளிம்பு எங்கே இருந்தது என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும். மூலம் அந்த விளிம்பில் இருந்தது என்று அர்த்தம். இந்த வித்தையின் பெரிய வெற்றி ஊட்டிக்கு முந்தையது. 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் கூட்டாளிகளும் 3சி 273 என்ற மூலத்தை நிலா மறைப்பதைக் கவனித்து, அதன் இடத்தைச் சொன்னார்கள். அந்த இடத்தில் நட்சத்திரம் மாதிரி தெரிந்த ஒரு புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்து, 1963இல் மார்ட்டின் ஷ்மிட் அது 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது என்று கண்டார். குவாசர் என்கிற இனம் அப்படித்தான் நமக்கு அறிமுகமானது. ஊட்டி பிறகு இதே முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களை அளந்தது.

கதை அங்கே முடியவில்லை. 1975இல் ஐரோப்பா அனுப்பிய காஸ்-பி செயற்கைக்கோள் காமா கதிரில் பார்த்தபோது, அதே 3சி 273இன் திசையிலிருந்து காமா கதிர் வந்தது. நம் பால்வீதிக்கு வெளியே ஒரு காமா மூலத்துக்கு ஆள் அடையாளம் சொல்ல முடிந்தது அதுதான் முதல் தடவை. முகவரியை ரேடியோ முன்பே எழுதி வைத்திருந்ததால் நடந்தது அது.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கோபிக்காரப் பெண், புனேயில் ஆராய்ச்சி மாணவி, ஒரு வார அவதானிப்புக்காக வந்திருக்கிறார். ஊட்டியின் வேலை தானாக ஓடிக்கொண்டிருக்க, லேப்டாப்பில் தன் சொந்த வேலையைத் திறந்து வைத்திருந்தார். கறுப்புத் திரையில் ஒரு மஞ்சள் வட்டம், அதற்குள் ஆறு வெள்ளைப் புள்ளிகள்.

"இதுல ஒண்ணுதாங்கண்ணா. இல்லாட்டி ஒண்ணுமே இல்ல" என்றார்.

மஞ்சள் வட்டத்தைக் கொடுத்தது 2008 ஜூனில் நாசா அனுப்பிய ஃபெர்மி. காமா கதிரை எந்தக் கண்ணாடியும் குவிக்காது, ஊடுருவிப் போய்விடும். ஃபெர்மிக்குள் டங்ஸ்டன் தகடுகளும் சிலிக்கான் அடுக்குகளும் மாறி மாறி இருக்கின்றன. காமா கதிர் டங்ஸ்டனில் முட்டினால் எலக்ட்ரானும் பாசிட்ரானும் பிறக்கும். அவை சிலிக்கானில் விட்டுச் செல்லும் தடத்தை வைத்து, கதிர் எங்கிருந்து வந்திருக்கும் என்று கணிப்பார்கள். காலடித் தடத்தைப் பார்த்து யானை வந்த திக்கைச் சொல்வது போலத்தான். திக்கு கிடைக்கும், முகவரி கிடைக்காது. பல நாள் தடங்களைச் சேர்த்தாலும், மங்கலான மூலத்துக்கு மிஞ்சுவது இப்படி ஒரு வட்டம்தான். திரையில் இருந்தது முழு நிலாவின் அகலத்தில் முக்கால் பங்கு.

ஃபெர்மியின் எட்டாண்டுத் தொகுப்பில் 5,064 மூலங்கள். அவற்றில் 1,336க்கு ஆள் யார் என்று தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுத் தொகுப்பில் மூலங்கள் 6,658 ஆனபோது, அடையாளம் தெரியாதவை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. கூர்ந்து பார்க்கப் பார்க்கத் தெரியாதது கூடிக்கொண்டே போகிறது.

"ஆறுல எது?" என்றேன்.

அவர் கழித்துக்கொண்டே வந்த விதத்தில்தான் இந்தத் தொழிலின் நுட்பம் இருக்கிறது. புனே மாவட்டத்தில் கோடத் கிராமத்தை மையமாகக் கொண்ட ஜிஎம்ஆர்டி என்ற தொலைநோக்கி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களின் கூட்டம். அதுவும் ஸ்வரூப் கட்டியதுதான். அங்கேயும் தகடு கிடையாது, இழுத்துக் கட்டிய கம்பிவலைதான். ஊட்டியின் கைப்பக்குவம் அங்கே போயிருக்கிறது. ஜிஎம்ஆர்டி 2010 முதல் 2012 வரை 150 மெகாஹெர்ட்ஸில், நம் எஃப்எம் அலைவரிசைக்குக் கொஞ்சம் மேலே, வானத்தின் 90 சதவீதத்தைப் படம்பிடித்தது. அந்தத் தரவை இன்ட்டெமாவும் கூட்டாளிகளும் மறுபடி பதப்படுத்தி 2017இல் வெளியிட்ட பட்டியலில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மூலங்கள் உள்ளன. 1,400 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்கத் தொலைநோக்கி ஒன்று எடுத்த படமும் இருக்கிறது. இரண்டையும் அக்கம்பக்கம் வைத்துப் பார்ப்பதுதான் வேலை.

சாதாரண ரேடியோ விண்மீன் மண்டலம் என்றால் 150இல் இருந்த பிரகாசம் 1,400இல் ஐந்தில் ஒன்றாகும். பிளேசார், அதாவது தன் பீய்ச்சலை நம்மை நோக்கித் திருப்பி வைத்திருக்கும் ராட்சதக் கருந்துளை, இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். பல்சார், அதாவது சுழன்று சுழன்று துடிக்கும் நியூட்ரான் நட்சத்திரம், தாழ்ந்த அலைவரிசையில் பிரமாதமாகத் தெரிந்துவிட்டு மேலே போனால் ஐம்பதில் ஒன்றாகக் கூடக் குறைந்துவிடும். வெளிச்சம் விழுகிற வேகமே அடையாளம். கூடவே இன்னொரு சோதனை: அது ஊசிமுனையாக இருக்க வேண்டும், பரந்து கிடக்கக் கூடாது.

இந்த இரண்டாவது சோதனையின் பழைய உறவு ஊட்டியிலேயே இருக்கிறது. நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காது. புள்ளியாக இருப்பதுதான் மினுக்கும். சூரியனிலிருந்து வீசும் காற்று வழியே பார்த்தால் ரேடியோ மூலங்களிலும் ஊசிமுனையாக இருப்பவை மட்டுமே மினுக்கும். ஊட்டி பல ஆண்டுகளாகப் பார்த்துவருவது இந்த மினுக்கலைத்தான். அன்று அந்த மாணவி அவதானித்துக்கொண்டிருந்ததும் அதுவே.

அவருடைய கர்சர் ஒவ்வொரு புள்ளியாகத் தாண்டியது. "இது ரெண்டும் ஒரே மண்டலத்தோட ரெண்டு காது. இது அஞ்சுல ஒண்ணு. இதுவும் அப்படியே. இது பரந்து கெடக்கு." மிஞ்சியது ஓரத்தில் ஒன்று. 150இல் பளிச்சென்று இருந்தது, 1,400இல் அந்த இடம் வெறும் இருட்டு.

இந்த வழியை நம்பலாம் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. டேல் ஃப்ரெயிலும் கூட்டாளிகளும் 2018இல் இதே ஜிஎம்ஆர்டி படத்தை ஃபெர்மி வட்டங்களோடு பொருத்தி, கழித்துக் கழித்து 16 சந்தேகப் புள்ளிகளில் வந்து நின்றார்கள். அவற்றில் துடிப்பைத் தேடியபோது ஆறு மில்லிநொடி பல்சார்களும் ஒரு சாதாரண பல்சாரும் அகப்பட்டன. அதற்கு முன்பே பாஸ்வதி பட்டாச்சார்யா குழுவினர் ஜிஎம்ஆர்டியை அடையாளம் தெரியாத ஃபெர்மி மூலங்களின் பக்கம் திருப்பி, 2013இல் ஒரு மில்லிநொடி பல்சாரை அறிவித்தார்கள். பெயர் ஜே1544+4937. நொடிக்கு 460 தடவைக்கு மேல் சுழல்கிறது. 2.9 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னத் துணையோடு சுற்றி வருகிறது.

"உங்க புள்ளி துடிச்சுதா?"

"ஒரு மணி நேரம் பாத்தோமுங்கண்ணா. இல்லீங்க."

எனக்கு ஜெமிங்கா ஞாபகம் வந்தது. 1972இல் சாஸ்-2 செயற்கைக்கோள் கண்ட காமா மூலம் அது. எதோடும் பொருத்த முடியாமல் வானியலாளர்கள் அலைந்தார்கள். மிலான் வட்டாரப் பேச்சில் 'அங்க இல்ல' என்று சொல்வது போல் ஒலிக்கும்படி அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து எக்ஸ் கதிரில்தான் துடிப்பு தெரிந்தது. அதுவும் பல்சார்தான், ரேடியோவில் மட்டும் ஊமை. எல்லாப் பூட்டுக்கும் ரேடியோ சாவி ஆகாது என்று எல்லோருக்கும் ஜெமிங்கா சொல்லிக்கொடுத்தது.

"அப்ப இத விட்டுருவீங்களா?"

"எப்படிங்க விடறது? அந்த ஜே1544 இருக்குதில்லீங்களா, 322 மெகாஹெர்ட்ஸ்ல பாத்தா அது சுத்துற நேரத்துல 13 சதவீதம் துணைக்குப் பின்னால மறைஞ்சுரும். இதுக்கு மறைப்பு இன்னும் நீளமா இருந்து, நாங்க பாத்த ஒரு மணி நேரம் அந்த மாதிரி நேரமா இருந்தா? மறுபடி நேரம் கேட்டு எழுதணும்." அவர் ஒரு நோட்டை இழுத்தார். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வரி. கடைசிக் கட்டத்தில் பல இடங்களில் 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் தேதியும் மணியும் அலைவரிசையும் போட்டிருந்தார்.

"'இல்லை'ன்னு மட்டும் எழுதுனா எங்க கைடு ஒத்துக்கமாட்டாங்க. எப்பப் பாத்தப்ப இல்லைன்னு எழுதணும்."

வெளியே வந்தபோது காற்று எழுந்திருந்தது. 1,100 கம்பிகளுக்கு நடுவே அது நுழைந்து போகும் சத்தம் மெல்லக் கேட்டது. டெக்னீஷியன் மூன்றாவது சட்டத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டைபோலில் சிக்னல் சரியில்லையாம். "நேத்தும் ஏறிப் பாத்தனுங்க, ஒண்ணும் தெரியல. வெயில்ல பாத்தேன். பனி எறங்குனப்புறம் ஒருக்கா பாக்கோணும்" என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்து, பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டார்.