பிவா ஏரிக்கரையில் ஆடி அமாவாசை

ஜப்பான் தேசத்தில் ஆகஸ்ட் மாதத்தின் நடுப்பகுதியில் ஒரு வார காலம் பெருநகரங்கள் வெறிச்சோடிப் போகின்றன. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் விடுமுறை விடுகின்றன. ரயில்களில் நிற்க இடமில்லை. நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் எறும்புச் சாரையாய் ஊர்கின்றன. பொங்கலுக்கு முந்தைய நாள் கோயம்பேட்டைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. அத்தனை பேரும் செல்வது சொந்த ஊருக்கு. வீட்டுக்கு எழுந்தருளும் முன்னோர்களை வரவேற்பதற்காக. அந்த வைபவத்துக்கு 'ஓபோன்' என்று பெயர். நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் 13-ஆம் தேதி மாலை வாசலில் சிறு தீ மூட்டி அவர்களை வரவேற்கிறார்கள். 16-ஆம் தேதி மீண்டும் தீ மூட்டி வழியனுப்புகிறார்கள்.

இதன் மூலக் கதை பௌத்த சூத்திரம் ஒன்றில் வருகிறது. புத்தரின் சீடரான மௌத்கல்யாயனர் தமது ஞானதிருஷ்டியால் தாயைத் தேட, அந்த அம்மை பிரேத லோகத்தில் பசியால் வாடிக் கிடக்கிறாள். மகன் கொண்டு சென்ற அன்னம் அவள் வாயருகே சென்றதும் நெருப்பாகிவிடுகிறது. மழைக்காலத் தவம் முடித்து எழும் துறவியருக்கு ஏழாம் மாதப் பௌர்ணமியில் அன்னமிட்டால் அவள் கடைத்தேறுவாள் என்று புத்தர் அருளுகிறார், அவ்வாறே நடக்கிறது. மகன் இட்ட அன்னம் தாயைச் சென்றடைய வேண்டும் என்ற அந்தத் தவிப்பை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அந்நாட்டில் பணிபுரியும் நம்மவர்களுக்கோ, இந்த வாரம் உல்லாசப் பயண வாரம். வேறெப்போதும் தொடர்ந்தாற்போல் இத்தனை நாள் விடுப்புக் கிடைப்பதரிது. 2016 முதல் ஆகஸ்ட் 11-ஆம் தேதி 'மலை நாள்' என்ற அரசு விடுமுறையாகவும் ஆகிவிட்டது. நண்பர்களுடன் சேர்ந்து மலையடிவாரத்திலோ ஏரிக்கரையிலோ கூடாரம் அடித்துத் தங்குவது அங்குள்ள நம் குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஒசாகாவில் இருந்த என் மகன் குடும்பத்தோடு நானும் 2018-இல் அப்படி ஒரு முகாமுக்குச் சென்றேன். ஜூலையில் குமகயா நகரில் 41.1 டிகிரி வெப்பம் பதிவான கோடை அது. நகரத்தைவிட்டு நீர்நிலையைத் தேடி ஓடுவது நியாயமாகவே பட்டது.

சென்ற இடம் பிவா ஏரியின் மேற்குக் கரை. ஜப்பானிலேயே பெரிய ஏரி. ஏறத்தாழ 670 சதுர கிலோமீட்டர் பரப்பு. 'பிவா' என்பது வீணையை ஒத்த ஒரு நரம்பு வாத்தியத்தின் பெயர். ஏரியின் வடிவமும் அதுதான் என்பர். மூன்று குடும்பங்கள்: என் மகனுடையது, கும்பகோணத்துக்காரர் ஒருவருடையது, டோக்கியோ பக்கத்திலிருந்து வேலைக்காக ஒசாகா வந்திருந்த ஜப்பானியத் தம்பதியுடையது. வெள்ளி இரவே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

மறுநாள் சனிக்கிழமை, ஆகஸ்ட் 11. நம் கணக்கில் விளம்பி வருடம், ஆடி 26, ஆடி அமாவாசை.

கும்பகோணத்துத் தம்பி தம் தந்தையாரை முந்தைய ஆண்டு இழந்தவர். விமானம் பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் தகனம் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தவர் சித்தப்பா. அந்தக் குறை அவர் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. ஆண்டுக் காரியங்கள் நிறைவுற்றபின் வந்த முதல் ஆடி அமாவாசை இது. "மாமா, இங்கே புரோகிதர் இல்லை, காவேரி இல்லை. நான் செய்தால் அப்பாவுக்குப் போய்ச் சேருமா?" என்று கேட்டார். செய்யாவிட்டால்தான் சேராது என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

முதலில் நேரம். நம் பஞ்சாங்கத்தில் அன்று பிற்பகல் மூன்றரை மணியளவில் அமாவாசை முடிவதாக இருந்தது. திதி என்பது சந்திரனும் சூரியனும் நிற்கும் நிலையைப் பொறுத்தது. உலகெங்கும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடியும். ஜப்பான் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே ஓடுவதால் அங்கே மாலை ஏழு மணி வரை திதி இருந்தது. சூரிய உதயம் மட்டும் அவ்வூர்க் கணக்கு. ஐந்தேகால் மணிக்கெல்லாம் ஏரிக்கு அப்பாலிருந்து சூரியன் எழுந்துவிட்டான். வெளிநாட்டுக்குச் செல்லும் அன்பர்கள் இந்தக் கணக்கை மனத்தில் கொள்வது நல்லது.

கறுப்பு எள்ளுக்குப் பஞ்சமில்லை. ஜப்பானியர் அன்றாடம் சமையலில் சேர்ப்பது. தர்ப்பை நான் ஊரிலிருந்தே எடுத்துச் சென்றிருந்தேன். சிக்கல் பெயர்களில் வந்தது. தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் பெயர்கள் தம்பிக்குத் தெரிந்திருந்தன. தாய்வழிப் பாட்டியின் மாமியார் பெயர் தெரியவில்லை. தாயாரைத் தொலைபேசியில் அழைத்தார். கும்பகோணத்தில் அப்போது காலை ஐந்தரை மணி. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அந்த அம்மாள். பெயரைச் சொன்னவர், மகன் எழுதிக்கொள்ளும்வரை இருமுறை திரும்பச் சொன்னார். பிறகு இருவரும் சிறிது நேரம் ஒன்றுமே பேசவில்லை.

அருகில் நின்ற ஜப்பானியப் பெண்மணி இதைக் கவனித்துவிட்டு, "உங்கள் வீடுகளில் பெயர்ப் பலகை கிடையாதா?" என்று கேட்டார். அவர்கள் இல்லங்களில் மறைந்தோர் பெயர் பொறித்த சிறு மரப்பலகைகள் பூஜை மாடத்தில் இருக்கும். நமக்கு வாய்தான் பலகை என்று என் மகன் மொழிபெயர்த்துச் சொன்னான். அவர் தலைதாழ்த்திக் கேட்டுக்கொண்டார்.

எள்ளும் நீரும் ஏரியிலேயே விடலாமே என்று நம்மவர்களுக்குத் தோன்றும். அந்த ஏரியின் வரலாறு அறிந்தால் கை தயங்கும். 1970-களில் சலவைத்தூளின் பாஸ்பேட் கலந்து பாசி படர்ந்து நீர் கெட்டபோது, இல்லத்தரசிகள் முன்னின்று அந்தத் தூளைக் கைவிட்டுச் சோப்புக்கு மாறினார்கள். 1979-இல் ஷிகா மாகாணம் தடைச் சட்டமே இயற்றியது. தாய்மார்கள் காத்த நீர் அது. எனவே ஏரியில் நீராடி, கரையில் தெற்கு நோக்கி அமர்ந்து, தாம்பாளத்தில் தர்ப்பணம் செய்து, நீரை ஒரு மரத்தடியில் விட்டோம். வீட்டில் செய்கையில் நாம் கைக்கொள்ளும் முறையும் அதுவேயன்றோ! நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, தம்பி திருப்பிச் சொன்னார். தந்தையார் பெயர் வந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. காத்திருந்தேன். பின்பு தாமாகவே தொடர்ந்தார்.

மிஞ்சியது காக்கைக்கு அன்னம். ஜப்பானில் காக்கைகளுக்குக் குறைவில்லை; நம்மூர்க் காக்கையைவிடப் பருமன். குமானோ தலங்களில் மூன்று கால் காக்கை தெய்வத் தூதனாகவே போற்றப்படுகிறது. ஆனால் முகாமின் வாசலிலேயே, காக்கை, பருந்துகளுக்கு உணவிடக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பழகிவிட்டால் அவை கூடாரங்களையே கிழித்துவிடுமாம். விதியை மீற எங்களுக்கு மனமில்லை, விட்டுவிடவும் மனமில்லை. ஜப்பானிய நண்பர், முகாமைப் பராமரிக்கும் முதியவரிடம் சென்று விஷயத்தைச் சொன்னார். முதியவர் முகாமுக்குள் முடியாது என்று தலையசைத்துவிட்டு, காகிதத் தட்டிலிருந்த அன்னத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு சாலைக்கு அப்பாலிருந்த தம் வீட்டுக் கொல்லைப்புறம் சென்றார். அரை மணி கழித்து வெறுந்தட்டைத் திருப்பித் தந்து மூன்று விரல்களைக் காட்டினார். மூன்று காக்கைகள் வந்தனவாம். தம்பி அவர் காலில் விழப்போக, முதியவர் பதறிப் பின்வாங்கிவிட்டார்!

பூசணி, வெண்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பாகல் எல்லாம் அங்கே கிடைக்கின்றன, வாழைக்காய்தான் கிடைக்கவில்லை. வெளிச் சாப்பாட்டில் மீன் சாறு கலவாத பண்டம் அரிது என்பதால் நம் பெண்கள் பாத்திரங்களைக் கையோடு கொண்டுவந்து தனி அடுப்பில் சமைத்தார்கள். தரையில் நேரடியாக நெருப்பு மூட்டவும் அங்கே தடை. கால் வைத்த இரும்புத் தட்டின் மேல்தான் கரி எரிய வேண்டும். ஜப்பானியத் தம்பதி அன்று இறைச்சியைத் தவிர்த்து எங்கள் சாம்பாரையே உண்டார்கள், நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் குழந்தைகளுக்குத் தர்ப்பூசணி உடைக்கும் விளையாட்டு. கண்ணைக் கட்டி, கையில் கழியைக் கொடுத்து, சுற்றிவிட்டு, வலம் போ, இடம் போ என்று கூச்சலிடுகிறார்கள். நம் உறியடியேதான்; கண்ணன் மட்டும் இல்லை. இருட்டியபின் அந்தப் பெண்மணி வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சிக் கால்கள் செருகி நிறுத்தினார். அவர்கள் பக்கத்தில் ஓபோனுக்கு அப்படிச் செய்து வைப்பது வழக்கம். வெள்ளரி, குதிரை, முன்னோர் விரைந்து வர. கத்தரி, பசு; திரும்புகையில் மெதுவாகப் போக. நம் குழந்தைகளுக்கு வாகனம் என்றால் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் விடியலில் அக்குடும்பம், 13-ஆம் தேதி மாலைத் தீபத்துக்குச் சொந்த ஊர் சேர்ந்துவிட வேண்டுமென்று புறப்பட்டுவிட்டது.

நாங்கள் இமாசு துறையிலிருந்து படகேறி, ஏரியின் வடபகுதியிலுள்ள சிகுபு தீவுக்குச் சென்றோம். நம் சரஸ்வதி தேவி அங்கே 'பென்ஸைதென்' என்ற பெயரில் கோயில் கொண்டிருக்கிறாள். பௌத்த நூல்களோடு சீனம் வழியாகச் சென்றவள். ஆதியில் நதித் தெய்வம் என்பதை அந்நாட்டார் மறக்கவில்லை போலும். அவளுடைய சந்நிதிகளைத் தீவிலும் குளக்கரையிலுமாகவே அமைத்திருக்கிறார்கள். எனோஷிமா, இட்சுகுஷிமா, சிகுபு ஆகிய மூன்றும் பெருந்தலங்கள். மூன்றும் தீவுகளே. சிகுபுவின் ஹோகொன்ஜி ஆலயம் 724-இல் சக்கரவர்த்தி ஷோமுவின் ஆணைப்படி கியோகி என்ற துறவியால் நிறுவப்பட்டது என்பது தல வரலாறு. மூல மூர்த்தியைத் திரைக்குள் வைத்து 60 ஆண்டுகளுக்கு ஒரு முறையே தரிசனம் தருகிறார்கள். அத்திவரதருக்காக 40 ஆண்டுகள் காத்திருக்கும் நமக்கு இது வியப்பாகாது. வெளியே நாம் காணும் திருவுருவங்களில் எட்டுத் திருக்கரங்கள், ஆயுதங்கள் ஏந்தியவள். கலைமகள் என்பதைவிட துர்க்கை என்றே நம் கண்ணுக்குப் படுகிறாள்.

கீழே நீரை நோக்கிய நாகதேவர் சந்நிதியில் இரண்டு மண் அகல்களைத் தருகிறார்கள். ஒன்றில் பெயரும் மற்றொன்றில் வேண்டுதலும் எழுதி, பாறைமேல் நிற்கும் தோரண வாயிலின் ஊடே எறிய வேண்டும். தம்பி முதல் அகலில் தம் பெயருக்குப் பதிலாகத் தந்தையார் பெயரைத் தமிழில் எழுதினார். இரண்டாவதில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு: கியோட்டோவிலிருந்து கொசேய் ரயில் பாதையில் ஓமி-இமாசு நிலையம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். படகுத்துறை நடக்கும் தூரம்தான். படகில் சுமார் அரை மணி. எதிர்க்கரை நாகஹாமாவிலிருந்தும் படகு உண்டு. குளிர்காலத்தில் இமாசு படகுகள் குறைவு. அம்பாள் சந்நிதிக்கு 165 கற்படிகள், செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் துணையோடு, நின்று நின்று ஏறுவது உத்தமம். அடுத்த படகு வருவதற்குள் இறங்க வேண்டுமென்ற அவசரம் கூடாது. அதற்கடுத்த படகிலும் வரலாம்.