காலனியும் காலணியும்

கோவைக்கு நாங்கள் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. எங்களில் ஒருவர் சமூகப் பணியாளர், இன்னொருவர் செவிலியர். இருவருக்கும் சொந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம். இரவுப்பணி, நேரங்கெட்ட சாப்பாடு, போதாததற்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று ஒரு பரிசோதனைச் சீட்டு. பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார்: “ஞாயித்துக்கெழம ரேஸ்கோர்ஸ் வாங்க. எங்க குரூப்புல எல்லாருஞ் சேந்து ஓடலாமுங்க.”

ஓட ஷூ வேண்டும். இரண்டு சோடி வாங்கிவந்து வைத்துவிட்டு அன்றிரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பேசியது எங்கள் அப்பாக்களின் செருப்பைப் பற்றி. காலனியிலிருந்து பஸ் ஏற ஊர்த்தெரு வழியாகத்தான் போகவேண்டும். தெரு தொடங்கும் இடத்தில் அப்பா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். டீக்கடை தாண்டியதும் கீழே போட்டு மாட்டிக்கொள்வார். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் செருப்புப் போட்டுக்கொண்டோம். ஆனால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனோம். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் ஓடினால் அதற்கு ஒரே பொருள்தான்: யாரோ துரத்துகிறார்கள்.

இது எங்கும் எழுதிவைக்காத சட்டம். எழுதிவைத்த சட்டம் வேறு. பொதுத்தெருவிலும் பொதுச்சாலையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம் என்று சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது 1924இல். அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, கிணறு, குளம் ஆகியவற்றோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாலையில் நடப்பதற்கே இத்தனை எழுத்து தேவைப்பட்ட மக்கள் நாம்.

முதல் ஞாயிறு காலை ஐந்தேகாலுக்குப் போய் நின்றோம். நாற்பது பேர் இருக்கும். மில் முதலாளி, வங்கி ஊழியர், ஐ.டி. பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று கலவையான கூட்டம். ரேஸ்கோர்ஸைச் சுற்றிவந்தால் ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர். இரண்டு சுற்று ஓடச் சொன்னார்கள். பாதி ஓடி, பாதி நடந்து 48 நிமிடத்தில் முடித்தோம். நாங்கள்தான் கடைசி. ஆனால் ஒருவர்கூடக் கிளம்பவில்லை. கடைசி ஆள் வந்துசேரும்வரை எல்லோரும் காத்திருந்து கைதட்டவேண்டும் என்பது அந்தக் குழுவின் வழக்கம். எங்களுக்காக ஒரு தெருவே நின்று கைதட்டியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்தபிறகும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

அதே நேரத்தில் அதே சாலையைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள் தூய்மைப் பணியாளர் அக்காக்கள். நாங்கள் குடித்துப்போட்ட காகிதக் கோப்பைகளையும் அவர்கள்தான் பொறுக்கினார்கள். ஒருநாள் பேச்சுக்கொடுத்தோம். “நாங்களும் நாலு மணிக்கே எந்திரிச்சு இந்த ரோட்டையே சுத்தி வாரோம் கண்ணு. எங்களுக்கு எந்த மகராசன் பனியனும் வாழப்பழமும் குடுக்கறான்?” என்று சிரித்தார் ஓர் அக்கா. அடுத்த வாரம், அவரவர் பாட்டிலை அவரவரே கொண்டுவரலாமே என்று குழுவில் சொன்னோம். மறுபேச்சின்றி ஒத்துக்கொண்டார்கள். நல்லவர்கள்தான். அதனால்தான் பிறகு நடந்ததை எழுதுவது கடினமாக இருக்கிறது.

ஐந்தாவது வாரம் மூச்சுப்பயிற்சியின்போது ஓர் அண்ணன் கேட்டார்: “நீங்க எந்த ஊருங்க?” சொன்னோம். “அங்க எந்தப் பக்கமுங்க?” சொன்னோம். “இல்லீங்க, ஊருக்குள்ளயா?” இந்த மூன்றாவது கேள்வி எங்கே போய் நிற்கும் என்பதை அறிய சமூகவியலில் முதுகலை படித்திருக்க வேண்டியதில்லை. “காலனிங்க” என்றோம். “ஓ, சரிங்க சரிங்க. நம்ம குரூப்புல அதெல்லாம் பாக்கறதில்லீங்க” என்றார். பார்ப்பதில்லை என்றால் எதற்காகக் கேட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை.

மாதம் ஒருமுறை ஓட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் வீட்டில் காலைச் சாப்பாடு. ஏழு வீடுகளில் சாப்பிட்டிருந்தோம். எட்டாவது மாதம் எங்கள் முறை. முதல்நாள் இரவு இட்லிக்கு மாவு கரைத்துவைத்துவிட்டு இருவரும் கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அங்கே அண்ணல் அம்பேத்கர் படம் இருக்கிறது. ஒரு நாளைக்குப் படுக்கையறையில் மாட்டினால் என்ன என்று எங்களில் ஒருவர் சொன்னார். யார் என்று எழுதப்போவதில்லை. சொன்னவரே எழுந்துபோய்த் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தார். படம் இருந்த இடத்திலேயே இருந்தது.

வருகிறோம் என்று சொன்னவர்கள் 22 பேர். வந்தவர்கள் 13. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி, மூவருக்கு அவசர வேலை, மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. வந்தவர்களில் ஒரு சகோதரி விரதம் என்று தண்ணீர்கூட வேண்டாம் என்றார். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். காய்ச்சல் எல்லோருக்கும் வருவதுதானே? ஆனால் எது காய்ச்சல், எது காலனி என்று பிரித்துப் பார்க்கும் வேலை எப்போதும் எங்கள் தலையில்தான் விழுகிறது. வராதவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அன்று இரவு முழுக்கக் கணக்குப் போட்டவர்கள் நாங்கள்.

வந்தவர்களையும் சொல்லவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் படத்தின் முன்னால் கொஞ்சநேரம் நின்றார். “ஆபீஸ்லயும் ஸ்டேஷன்லயும் இவரைப் பாத்திருக்கறனுங்க. ஒரு வீட்டுக் கூடத்துல இப்பத்தான் பாக்கறனுங்க” என்றார். ஒளிக்காமல் சொன்ன வார்த்தை. ஐ.டி. பிள்ளைகள் அடுக்களைக்குள்ளேயே வந்து இட்லியைத் தட்டிலிருந்து எடுத்துத் தின்றார்கள். மூன்றாவது கேள்வி கேட்ட அண்ணனும் வந்திருந்தார். நான்கு இட்லி சாப்பிட்டார். எங்கள் கணக்கில் வராதவர் பட்டியலில் அவரைத்தான் முதலில் எழுதியிருந்தோம். அந்தத் தவறையும் இங்கே பதிவுசெய்கிறோம்.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழிந்துவிடாது என்று ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் 1936லேயே அண்ணல் எழுதிவிட்டார். கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார். பந்தியோடு நிற்காதீர்கள் என்று அவர் சொல்லி இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. நாமோ இன்னும் பந்திக்கு யார் வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். தெருவைச் சட்டம் திறந்துவிட்டது. வீட்டு நிலைப்படியைத் திறக்கச் சொல்லி எந்தத் தீர்மானமும் போட முடியாது. அதை உள்ளே இருப்பவர்தான் திறக்கவேண்டும், வெளியே இருப்பவர்தான் தாண்டவேண்டும்.

குழுவை விட்டுவிடுங்கள் என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். விடவில்லை. யாரென்று தெரியாமல் ஓடுவது எளிது, அதற்குப் பெயர் சமத்துவமும் அல்ல. தெரிந்தபிறகும் கடைசி ஆளுக்காகக் கைதட்டுகிறார்களா என்று பார்க்கவேண்டும். போன ஞாயிறும் நாங்கள்தான் கடைசி. கைதட்டினார்கள். சிலர் அதற்குமுன்பே கிளம்பியிருந்தார்கள்.

கோவையில் இருக்கும் தோழர்கள் வரும் ஞாயிறு வாருங்கள். ஷூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, செருப்போடு வாருங்கள். எங்கேயும் கழற்றவேண்டியதில்லை.

ஜெய்பீம்.