உக்காந்தா மண்ணு... பறந்தா பட்டு!

ஒரு நிமிஷம் உங்க துப்பட்டாவையோ, அம்மாவோட புடவையையோ கொஞ்சம் உத்துப் பாருங்க. அதில் ஏதாவது பறவை இருக்கா? இருந்தா அது பெரும்பாலும் மயிலாத்தான் இருக்கும். இல்லேன்னா அன்னம். சரிதானே?

மயில் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லைங்க. நான் புதுக்கோட்டைக்காரி. விராலிமலை முருகன் கோயில் மலையில் மயில்கள் இஷ்டத்துக்கு உலாத்துற மாவட்டத்தில் பிறந்துட்டு மயிலைக் குறை சொல்ல முடியுமா? ஆனா, டெக்ஸ்டைல் டிசைன் கடைசி வருஷத்தில், ‘உங்களுக்குப் பிடிச்ச ஒரு பறவையை வெச்சு ஒரு பேட்டர்ன் கலெக்‌ஷன் பண்ணுங்க’ன்னு ப்ராஜெக்ட் கொடுத்தப்ப கிளாஸில் பாதிப் பேர் மயிலைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் பிடிச்சது பனங்காடை.

‘காடையா? ரோஸ்ட் பண்ணுவாங்களே, அதுவா?’ன்னு ஒருத்தி கேட்டா பாருங்க... பேர்ல காடை இருக்கே தவிர, அதுக்கும் காடைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பஸ்ல போறப்ப கரன்ட் கம்பியில் தனியா ஒரு பறவை, தலை பெருசா, பழுப்பு நிறத்தில், யாரோ திட்டிவிட்ட மாதிரி உம்முனு உக்காந்திருக்கும். நீங்களும் நூறு தடவை பார்த்திருப்பீங்க. திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டீங்க. ஆனா, தரையில் ஒரு வெட்டுக்கிளி அசைஞ்சு, அது கம்பியை விட்டு இறங்கும் பாருங்க... இறக்கையில் வெளிர் நீலமும் அடர் நீலமும் பட்டை பட்டையா விரியும்! ரெண்டே செகண்ட். மறுபடி கம்பிக்கு வந்து இறக்கையை மடிச்சுட்டா, திரும்பவும் அதே உம்மணாமூஞ்சி.

கர்நாடகா, ஒடிசா, தெலங்கானா மூணு மாநிலங்களுக்கும் இதுதான் மாநிலப் பறவை. வடக்கே இதுக்கு ‘நீல்கண்ட்’னு பேர், தசரா அன்னிக்கு இதைப் பார்த்தா நல்லதுன்னு நம்புறாங்க. நம்ம ஊர்ல இதுக்கு அந்த மவுசு எல்லாம் கிடையாது. எங்க அப்பத்தா மட்டும் ஒரு வரி சொல்லும்: “அது உக்காந்தா மண்ணு, பறந்தா பட்டு, ஆத்தா!”

என் ப்ராஜெக்ட் முழுக்க அந்த ஒரு வரியில்தான் நின்னுச்சு.

படம் வேற... பேட்டர்ன் வேற!

ஒரு பறவையை அழகா வரைஞ்சா அது படம். அதே பறவையை மீட்டர் கணக்கில் ஓடுற துணியில், எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்க முடியாத மாதிரி திரும்பத் திரும்ப வர வெச்சா அதுதான் பேட்டர்ன். புக்ல ‘ரிப்பீட்’னு போட்டிருப்பாங்க. புரியலையா? மார்கழி மாசம் வாசலுக்கு வாங்க. நேர்ப்புள்ளிக் கோலம் இருக்கே, அதுதான் சாதா ரிப்பீட். ஏழு புள்ளியில் ஆரம்பிச்சு நாலில் முடிக்கிற இடைப்புள்ளிக் கோலத்தில் ஒவ்வொரு வரிசையும் அரைப்புள்ளி தள்ளி நிக்குமே, அந்த மாதிரி வரிசையைப் பாதி நகர்த்திட்டா, கண்ணு கோடு பிடிச்சு ஓடாது. துணி முழுக்கப் பறவை பரவி இருக்கிற மாதிரி தெரியும். நம்ம அம்மாக்கள் தினமும் காலையில் பண்றதுக்கு நாம செமஸ்டர் ஃபீஸ் கட்டிப் படிக்கிறோம்!

கம்ப்யூட்டர் இல்லாமலே ரிப்பீட் செய்யலாம். ஒரு சதுரப் பேப்பரோட நடுவில் மட்டும் வரைங்க, ஓரத்தைத் தொடாதீங்க. அதைக் குறுக்கே வெட்டி மேல் பாதியைக் கீழேயும் கீழ்ப் பாதியை மேலேயும் மாத்தி ஒட்டுங்க. அப்புறம் நெடுக்கே வெட்டி இடது வலது மாத்தி ஒட்டுங்க. இப்போ நீங்க வரைஞ்சது நாலு மூலைக்கும் போயிருக்கும், நடுவில் காலி இடம் இருக்கும். அதை நிரப்புங்க. அவ்வளவுதான், உங்க கட்டம் ரெடி. பக்கத்தில் பக்கத்தில் எத்தனை வெச்சாலும் ஓரம் ஓரத்தோட சேரும்.

1,100 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு கிளாஸ்!

பறவையை எப்படிப் பரப்புறதுன்னு தெரியாம முழிச்சப்ப, புதுக்கோட்டையில் இருந்து பதினாறு கிலோமீட்டரில் எனக்கு ஒரு கிளாஸ் ரூம் கிடைச்சுது. சித்தன்னவாசல். ஸ்கூல் டூர்ல போய் புளிசாதம் சாப்பிட்டுட்டு வந்த அதே இடம்தான். இந்த முறை கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்த்தேன்.

அங்கே அர்த்தமண்டப விதானத்தில் ஒரு தாமரைக்குளம் இருக்கு. தாமரை, மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்கிற சமண ஆசிரியர் இந்தக் குடைவரையைப் புதுப்பிச்சதா அங்கே இருக்கிற கல்வெட்டு சொல்லுது. கருவறை விதானத்தில் இன்னொரு ஆச்சரியம்: துணியை விரிச்சு கட்டின மாதிரியே ஒரு டிசைன். ஓவியத்தில் நிறைய இடம் உதிர்ந்து போச்சு. ஆனாலும் மிச்சம் இருக்கிறது போதும், பாடம் நடத்த.

நான் கத்துக்கிட்ட பாடம் இதுதான்: அந்த ஓவியன் பறவையைத் தனியா வரையலை. குளத்தை வரைஞ்சான். தண்டு, இலை, மொட்டு, தண்ணி எல்லாத்துக்கும் நடுவில் பறவைக்கு ஒரு இடம் கொடுத்தான். அதனால்தான் அது ஸ்டிக்கர் மாதிரி ஒட்டாம, அங்கேயே வாழுற மாதிரி இருக்கு. கையில் இருந்ததும் கொஞ்ச நிறம்தான். சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கறுப்பு, காவி மஞ்சள், காவிச் சிவப்பு, பச்சை மண்... இப்படி விரல் விட்டு எண்ணிடலாம். ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். பட்ஜெட் இல்லையேன்னு புலம்பிட்டிருந்த எனக்கு அந்த ஆறுதல் போதும்.

உலகத்தில் புகழ்பெற்ற பறவை பிரின்ட் ஒண்ணு இங்கிலாந்தில் 1883-ல் வந்துது. வில்லியம் மோரிஸ் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரியைத் திருடித் தின்ன குருவிகளைத் துணியில் கொண்டுவந்தார். பேரே ‘ஸ்ட்ராபெர்ரி திருடன்’! அவுரி நீலத்தில் சாயம் தோய்ச்சு, வேண்டிய இடத்தில் நீலத்தை வெளுத்து, அச்சுக் கட்டையால் நிறம் ஏத்தினது. அவர் பறவை தேடி எங்கேயும் போகலை. கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தார்.

சரி, என் பனங்காடையோட வீடு எது? பனை. அதிலும் மட்டை எல்லாம் விழுந்து, தலையில்லாம நிக்குமே மொட்டைப்பனை, அதில் இருக்கிற பொந்துலதான் முட்டை வைக்கும். அதனால் கலெக்‌ஷனுக்குப் பேரே ‘மொட்டைப்பனை’ன்னு வெச்சேன்.

நீலத்தை எங்கே ஒளிச்சேன்?

ஒரு கலெக்‌ஷன்னா ஒரே டிசைன் இல்லை. ஒண்ணு பெருசா கண்ணை இழுக்கணும், ஒண்ணு அதுக்குத் துணை நிக்கணும், ஒண்ணு சத்தம் போடாம பின்னாடி இருக்கணும். யோசிச்சுப் பார்த்தா இது நம்ம புடவைதானே? முந்தி, உடல், கரை! காஞ்சிபுரத்துக் கரைகளுக்கு மயில்கண், குயில்கண்னே பேர் உண்டு. அங்கே முழுப் பறவை வராது. கண்ணு மட்டும் வட்டமா, வரிசையா வரும். பறவையில் எதை எடுக்கணும், எதை விடணும்னு தெரிஞ்சவங்க வெச்ச பேர் அது.

கரைக்குப் பனைமரத்தோட உடம்பில் இருக்கிற வளையங்களையும், நுங்கோட மூணு கண்ணையும் எடுத்துக்கிட்டேன். உடலுக்குக் கம்பியில் உக்காந்திருக்கிற பனங்காடை, பழுப்பிலும் வெளிர் ஊதாவிலும். முந்திக்கு விரிஞ்ச இறக்கையோட பட்டைகள்.

ஆனா, முந்தியில் நீலத்தைக் கொட்டின ஸ்கெட்ச்சைப் பார்க்கப் பார்க்க அப்பத்தாவோட வரி காதுல கேட்டுக்கிட்டே இருந்துது. முந்தி எப்பவும் வெளியே தெரியுற இடம். பனங்காடை அப்படி எப்பவும் நீலமா இருக்கிற பறவை இல்லையே! ஒளிச்சு வெச்சிருக்கிறதுதானே அதோட அழகு?

அப்பத்தா இப்பவும் கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வெச்சுக் கட்டும். அது நடந்து போறப்ப பின்னால் இருந்து பார்த்தேன். நிக்கிறப்ப மூடியிருக்கிற கொசுவம் நடக்கிறப்ப விசிறி மாதிரி விரியுது... மூடுது... விரியுது. கிடைச்சுடுச்சு! முந்தியில் இருந்த நீலத்தை அப்படியே கொசுவத்துக்கு மாத்தினேன். மடிப்பு அளவுக்கு அஞ்சு இஞ்ச் பழுப்பு, அடுத்த அஞ்சு இஞ்ச் ரெண்டு நீலமும் சேர்ந்த பட்டை. மடிச்சுச் செருகினா பழுப்பு மட்டும் வெளியே. கட்டியிருக்கிறவங்க நடந்தா நீலம் எட்டிப் பார்க்கும். முந்தியில் ஒரே ஒரு மொட்டைப்பனை, ஒரு பறவை. அவ்வளவுதான்.

முதல் சாம்பிளை அப்பத்தாவுக்குத்தான் கட்டிவிட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னு, ‘என்னத்தா இது, மண்ணு கலருல...’ன்னு முகத்தைச் சுளிச்சுது. நடக்கச் சொன்னேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்துட்டு, பொக்கை வாயைத் திறந்து ஒரு சிரிப்பு. ப்ராஜெக்ட் மார்க்கை விட எனக்கு அதுதான் பெருசு.

இறகுக்காக...

இந்த நீலம் சாயம் இல்லை, தெரியுமா? இறகுக்குள்ளே இருக்கிற நுணுக்கமான அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிச்சு நம்ம கண்ணுக்கு நீலமாக் காட்டுது. இறகை அரைச்சுப் பொடியாக்கினா அந்த நீலம் காணாமப் போயிடும். அதனால்தானோ என்னவோ, ஒரு காலத்தில் ஃபேஷன் உலகத்துக்கு அந்த இறகே வேண்டியிருந்துது. ஐரோப்பியப் பெண்களோட தொப்பி அலங்காரத்துக்காக இங்கிருந்து பறவைகளைக் கொன்னு கப்பல் ஏத்தினாங்க. பனங்காடையும் அதில் சிக்கினது. 1902-ல் இந்திய அரசு இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டுது.

இப்போ யாரும் இறகைப் பிடுங்குறதில்லை. ஆனா, வீடு போகுது. 2018 நவம்பரில் கஜா புயல் அடிச்சப்ப எங்க ஊர்ல தென்னை வரிசை வரிசையா சாஞ்சுது, பனை நின்னுது. புயலுக்குத் தப்பினது மனுஷனுக்குத் தப்பலை. செங்கல் சூளைக்கு எரிக்கப் பனை லாரி ஏறுறதை நானே பார்த்திருக்கேன். 2021-ல் தமிழக அரசோட முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு சொன்னாங்க. நல்ல விஷயம். ஆனா, காய்க்காத, தலையில்லாத மொட்டைப்பனைக்காக யார் பரிஞ்சு பேசுவா? எங்க வரப்புல நிக்கிற ஒண்ணைச் சாய்ச்சுடலாம்னு பெரியப்பா ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருக்கார். பொந்துல குஞ்சு இருக்குன்னு காட்டினதுக்கு அப்புறம், ‘ஆனி முடியட்டும் பார்க்கலாம்’னு தள்ளி வெச்சிருக்கார். ஆனிக்குள்ள அடுத்த காரணம் ஒண்ணு நான் கண்டுபிடிக்கணும்!

நான் டிசைன் பண்ணினதால் பனை பிழைச்சுடும்னு பீலா விட மாட்டேன். ஆனா, ஒரு விஷயம் நிச்சயம். மூணு மாசம் ஒரு பறவையை வரைஞ்சா அது எங்க உக்காருது, என்ன திங்குது, எதில் குடியிருக்குன்னு எல்லாம் நமக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சதுக்கப்புறம் அதோட வீட்டை வெட்டுறப்ப சும்மா பார்த்துக்கிட்டு நிக்க முடியாது.

அதனால ஃப்ரெண்ட்ஸ், அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு நெட்டில் ‘பேர்ட் மோட்டிஃப்’னு தேடுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போங்க. தவிட்டுக்குருவி, செம்போத்து, கொண்டலாத்தி, மீன்கொத்தி... எது வந்தாலும் சரி. அது எப்படி இருக்குன்னு வரையறதுக்கு முன்னாடி, அது என்ன பண்ணுதுன்னு பத்து நாள் எழுதுங்க. பேட்டர்ன் அதுக்குள்ளேதான் ஒளிஞ்சிருக்கு!